அமிழ்தும் அம்ருதமும்: ஒரு சொல்லின் பொருட்பெயர்ச்சியும் மொழிபெயர்ப்புச் சிக்கலும்

மராத்தியிலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து மராத்திக்கும் மொழிபெயர்ப்போர் சற்றும் தயங்காமல் கடந்து செல்லும் சொற்களுள் ஒன்று அமுதம். மராத்தி ‘அம்ருத்’ தமிழில் ‘அமுதம்’ ஆகிறது. தமிழ் ‘அமுது’ மராத்தியில் ‘அம்ருத்’ ஆகிறது. இரண்டும் விண்ணுலகத்து இன்பொருளைக் குறிப்பன. இரண்டும் ஒரே மூலத்தோடு தொடர்புபடுத்தப்படுவன. எனவே ஐயத்துக்கு இடமில்லை என்று தோன்றும். ஆயினும் இவ்விரு சொற்களையும் அவை வரும் தொடர்களில் வைத்து நோக்கினால் வேறு நிலை புலப்படுகிறது. எந்தெந்த வினைகளோடு வருகின்றன, எவ்வகை அடைகளை ஏற்கின்றன, எதற்கு எதிர்ச்சொல்லாக நிற்கின்றன என்று பார்க்கும்போது, இரு மொழிகளிலும் இச்சொல்லின் பொருள்மையம் ஒன்றாக இல்லை என்பது தெரியவரும். வடமொழியிலும் மராத்தியிலும் இச்சொல்லின் நடுவே சாவு பற்றிய எண்ணம் இருக்கிறது. தமிழில் அந்த இடத்தில் வாயும் நாவும் இருக்கின்றன. இவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது, அது மொழிபெயர்ப்பாளரை எங்கெங்கே இடறச் செய்கிறது என்பவற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

சொல்லின் உள்ளமைப்பு

வடமொழியில் அம்ருத என்பது பகுக்கத்தக்க சொல். எதிர்மறை முன்னொட்டாகிய ‘அ’, ‘சா’ என்னும் பொருளுடைய ‘ம்ரு’ என்னும் வேர், இறந்தகால எச்ச விகுதி ஆகியவற்றால் அது ஆகியது. ‘சாவாதது’, ‘சாவாதவர்’, ‘சாவாமை’ என்பன அதன் பொருள். இருக்கு வேதத்தில் அது முதன்மையாகத் தேவர்களுக்குரிய அடைமொழி. பின்னரே அவர்கள் பருகும் பொருளின் பெயர். உபநிடதங்களில் அது ஒரு நிலையின் பெயர். செல்வத்தால் அம்ருதத்துவம் கிட்டுமா என்று மைத்ரேயி யாக்ஞவல்கியரிடம் வினவும் இடத்தில் சுவைக்கு ஒரு வேலையும் இல்லை. கிரேக்கத்தின் ‘அம்ப்ரோசியா’வும் இலத்தீனத்தின் ‘இம்மார்த்தாலிஸ்’ என்பதும் இதே வேரிலிருந்து இதே எதிர்மறை அமைப்போடு கிளைத்தவை.

பாற்கடல் கடைந்த கதையிலும் இதுவே நிலை. புணேயின் பண்டார்கர் கீழைத்தேய ஆய்வு நிறுவனம் 1919இல் தொடங்கி 1966இல் நிறைவு செய்த மகாபாரதச் செம்பதிப்பின் ஆதிபருவத்தில் இக்கதை இடம்பெறுகிறது. தேவர்கள் அம்ருதத்தை நாடுவது மூப்பும் சாக்காடும் நீங்குவதற்காக. இராகு வேடம் மாறி வந்து பருகுகிறான்; அது தொண்டையளவு சென்ற நேரத்தில் திருமாலின் ஆழி அவன் தலையைத் துணிக்கிறது; எட்டிய அளவுக்குத் தலை மட்டும் சாவாமல் நிற்கிறது. அப்பொருள் இராகுவின் நாவைக் கடந்துதான் தொண்டைக்குச் சென்றது. ஆனாலும் அது இனித்ததா என்ற வினா அக்கதையில் எழுவதற்கு இடமில்லை.

வடமொழியில் இனிமைப் பொருளே இல்லை என்று கூறிவிட முடியாது. பகவத்கீதையின் பத்தாம் இயலில், கண்ணனின் சொல்லாகிய அம்ருதத்தைக் கேட்கக் கேட்க நிறைவு உண்டாகவில்லை என்கிறான் அருச்சுனன். பதினெட்டாம் இயலில் தொடக்கத்தில் நஞ்சும் முடிவில் அம்ருதமும் போன்ற இன்பம் பேசப்படுகிறது. உணவுப் பொருளும் உண்டு: வேள்வியில் எஞ்சிய உணவும் கேளாமல் வந்த உணவும் மனுநூலில் அம்ருதம் எனப்படுகின்றன. ஆனால் அதே கீதையின் ஒன்பதாம் இயலில் அம்ருதமும் மிருத்யுவும் அடுத்தடுத்து எதிர்ச்சொற்களாக வருகின்றன. நஞ்சுக்கு எதிராகவும் சாவுக்கு எதிராகவும் நிற்கும் ஆற்றல் வடமொழிச் சொல்லுக்கு ஒருசேர இருக்கிறது.

மராத்தி இந்த ஆற்றலை இழக்கவில்லை. மராத்தி பேசுவோரின் அன்றாடச் சொற்களில் ‘ம்ருத்’ (இறந்த), ‘ம்ருத்யூ’ (சாவு), ‘மரண்’, ‘மர்ணே’ (சாதல்) எல்லாம் உயிரோடு இருக்கின்றன. ‘அ’ என்னும் எதிர்மறையும் இருக்கிறது. எழுத்தறிந்த எவருக்கும் அம்ருத் என்ற சொல்லுக்குள் ம்ருத் கேட்கும். (இந்த எதிர்மறை ‘அ’ எத்துணை வளமானது என்பதற்குப் புணேயிலேயே சான்று உண்டு. டெக்கான் கல்லூரியில் எஸ். எம். காத்ரே 1948இல் தொடங்கிய வடமொழி வரலாற்றுமுறைப் பேரகராதி, ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு நூல்களிலிருந்து எடுத்த கோடிக்கணக்கில் எண்ணத்தக்க சொற்சீட்டுகளைக் கொண்டது. அதன் தொகுதிகள் முப்பதைக் கடந்தும் முதலெழுத்தாகிய ‘அ’வை விட்டு வெளியேறவில்லை. முன்னொட்டுகளின் பெருக்கம் அதற்கு ஒரு காரணம்.)

தமிழில் நிலை வேறு. அமிழ்து, அமிழ்தம், அமுது, அமுதம் ஆகிய எந்த வடிவிலிருந்தும் ‘அ’வைப் பிரித்தெடுக்க இயலாது. பிரித்தால் எஞ்சும் ‘மிழ்து’, ‘முது’ ஆகியவற்றுக்குச் சாவோடு தொடர்பில்லை. ‘சா’ என்பதே தமிழில் சாவைக் குறிக்கும் வேர்; அதன் சாயல் அமிழ்தில் எங்கும் இல்லை. சொல்லின் உட்கதவு இவ்வாறு அடைபட்ட பின், பொருளை மூலத்தோடு கட்டிவைக்கும் கயிறு ஏதும் இல்லை. சொல் தான் விரும்பிய திசையில் நகரலாம். நகர்ந்திருக்கிறது.

பிறப்பு பற்றி ஒரு குறிப்பு இங்கே போதும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி வடமொழி மூலமே காட்டுகிறது. தமிழ் வேர் காண்போர் ‘சோறு’ எனப் பொருள்படும் அவிழ் என்பதிலிருந்து அமிழ்து வந்தது என்பர். விஞ்சு, மிஞ்சு போன்ற வகர மகர மாற்றத்தை அதற்குத் துணையாகக் கொள்ளலாம். ஆனால் பழம்பாடல்களிலேயே இந்திரனோடும் விண்ணுலகோடும் இச்சொல் சேர்ந்து வருவதால், கடன்சொல் என்று கொள்வதே இக்கட்டுரையாளருக்குப் பொருத்தமாகப் படுகிறது. வடமொழியின் உயிர் ‘ரு’ தமிழில் ழகரமாகியிருப்பது ஆராயத்தக்கது. பழங்கன்னடத்தில் இதே சொல் ‘அமர்து’ என ரகரத்தோடு நிற்கிறது. தமிழில் தமிழ், அமிழ், அவிழ் போன்ற சொற்களின் ஓசை ஈர்ப்பு ழகரத்தை நிலைபெறச் செய்திருக்கலாம். எதுவாயினும், ‘அவிழ்’ என்னும் விளக்கம் சொற்பிறப்பாக நில்லாவிடினும் பொருள் வரலாற்றுக்கு உதவுகிறது. தமிழர் இச்சொல்லைச் சோற்றின் பக்கத்தில் வைத்தே கேட்டிருக்கிறார்கள் என்பதை அது காட்டிவிடுகிறது.

சங்கப் பாடல்களின் சான்று

சங்க இலக்கியத்தில் அமிழ்தம் பெரும்பாலும் உண்ணப்படுகிறது. நற்செய்தி சொன்ன பக்கத்து வீட்டுப் பெண்ணை வாழ்த்தும்போது, அவள் அமிழ்தம் உண்பாளாக என்கிறாள் தோழி. இவ்வாழ்த்து குறுந்தொகை 201ஆம் பாடலில் அமிழ்தம் என்ற வடிவோடும், நற்றிணை 65இல் அமுதம் என்ற வடிவோடும் வருகிறது. ஒரே வாழ்த்துத் தொடரில் இரு வடிவங்களும் மாறி நிற்பதால், அவை பொருளால் வேறுபடாமல் வழங்கின என்பது உறுதி. குறுந்தொகை 83இல் செவிலித்தாய்க்கு விண்ணுலகும் அங்கு உணவாக அமிழ்தமும் வாய்க்கட்டும் என்று வாழ்த்தப்படுகிறது. காதற்பாடல்களில் தலைவியின் நாவும் (குறுந்தொகை 14) அவள் பேச்சும் (குறுந்தொகை 206) அமிழ்தோடு சேர்கின்றன. நாவும் சொல்லும் சேரும் இடங்களில் சாவாமைக்கு இடமேது? இனிமையே பேசப்படுகிறது.

இங்கே இரண்டு இணைகளைச் சற்று நின்று காண வேண்டும்.

முதல் இணை நெல்லிக்கனி பற்றியது. அதியமான் நெடுமானஞ்சி கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையாருக்கு அளித்தான். அந்தச் செயலை ஔவையாரே பாடுவது புறநானூற்றின் 91ஆம் பாடல். கனியின் பயனைச் சொல்லும் இடத்தில் அவர் ‘சாதல்’ என்னும் தமிழ்ச் சொல்லையே எடுத்தாள்கிறார். அது நீங்குவதற்காகத் தந்தாய் என்கிறார். அமிழ்து என்ற சொல் அப்பாடலில் இல்லை. இதே நிகழ்ச்சியைச் சிறுபாணாற்றுப்படை பின்னொரு காலத்திலிருந்து கடையெழு வள்ளல்களின் வரிசையில் வைத்து நினைவுகூர்கிறது. அங்கே சாதல் என்ற சொல் இல்லை. கனி அமிழ்து விளைந்த இனிய கனி ஆகிவிடுகிறது. தன் சாவு நீக்கப்பட்டவர் பாடும்போது சாவு பேசப்படுகிறது. கதையாக வேறொருவர் சொல்லும்போது இனிமை பேசப்படுகிறது.

இரண்டாம் இணை தனித்து உண்ணாமை பற்றியது. கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி பாடிய புறநானூறு 182, உலகம் நிலைத்திருப்பதற்குக் காரணமான மக்களைப் பட்டியலிடுகிறது. இந்திரருடைய அமிழ்தமே கிடைத்தாலும் தனியே உண்ணாதவர்கள் அவர்கள். எந்தக் காரணம் அவர்களைத் தனியே உண்ணத் தூண்டியிருக்கக்கூடும் என்பதையும் புலவர் சொல்லிவிடுகிறார்: அது இனிது என்பது. இந்திரனுக்குரிய பொருளை எடுத்துக்கொண்டும் அது தரும் சாவாமையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இதே அறத்தைத் திருக்குறள் 82ஆம் குறளில் விருந்தோம்பலாகப் பேசுகிறது. விருந்தினர் வெளியே இருக்கத் தான் மட்டும் உண்ணுதல், உண்ணும் பொருள் எத்தகையதாயினும் வேண்டத்தக்கதன்று என்கிறது. ஆனால் வள்ளுவர் அங்கு அமிழ்தம் என்ற சொல்லை ஆளவில்லை, ‘சாவாமருந்து’ என்கிறார்.

சாவாமருந்து என்னும் தொடரின் அமைப்பு கருதத்தக்கது. அது வடமொழி அம்ருதத்தின் உறுப்புகளைத் தமிழ் வேர்களால் ஒவ்வொன்றாகக் கட்டி எழுப்பிய சொல்: சா, எதிர்மறை ஆகாரம், அதன்மேல் மருந்து. அமிழ்து என்னும் சொல் கைவசம் இருக்கையில் இப்படி ஒன்றை ஏன் உருவாக்க வேண்டும்? அமிழ்து என்ற சொல் சாவாமையை உணர்த்தும் வலிமையைத் தமிழில் முழுமையாகப் பெற்றிருக்கவில்லை என்பதே விடையாக இருக்க முடியும். சாவைச் சொல்ல வேண்டியபோது தமிழ்ப் புலவர் ‘சா’வையே நாடினர்.

குறளில் அமிழ்து வரும் இடங்கள் இதனோடு ஒத்துப்போகின்றன. 64ஆம் குறளில் தம் மக்களின் சிறுகை அளாவிய கூழ் அமிழ்தைவிட இனிது, அளவுகோல் சுவை. 1106இல் காதலியின் தோள்கள் அமிழ்தால் ஆனவை. தீண்டும்தோறும் உயிர் தளிர்க்கிறது. தளிர்த்தல் பயிரின் வினை. வாடியது மீள்வதைச் சொல்வது அது. 720இல் அறிவிலார் அவையில் பேசுவது முற்றத்துச் சாக்கடையில் கொட்டிய அமிழ்தத்துக்கு ஒப்பாகிறது. அங்கு அது வீணாகும் அரும்பொருள். 11ஆம் குறளில் மழை அமிழ்தம் எனப்படுகிறது. இங்கு மட்டும் பரிமேலழகர், அமிழ்தம் உண்டவர் சாவாது நிலைபெறுவதால் உலகை நிலைபெறுத்தும் மழையும் அப்பெயர் பெற்றது என்று மூலப்பொருளை வருவித்து விளக்குகிறார். வடநூற் புலமை மிக்க உரைகாரர் அடைபட்ட கதவை மீண்டும் திறக்க முயலும் இடம் இது. குறளைப் பயில்வோர் அவர் வழியே சென்றாலும் செல்லாவிட்டாலும், மழை பெய்து பயிர் விளைந்து உணவாகிறது என்னும் நேர்ப்பொருள் அதற்கு அடுத்த குறளிலேயே கிடைத்துவிடுகிறது.

பசி நீக்கும் அமுது

சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியைப் புகழுமிடத்தில் அவளைக் கடலலையில் பிறவாத அமிழ்து என்கிறான். கடல் கடைந்த கதையை அறிந்து, அதை மறுத்து, மறுப்பினால் அவளை உயர்த்தும் உத்தி இது. மணிமேகலையில் நிகழ்வது இதைவிட ஆழமான மாற்றம். அமுதசுரபி என்னும் கலம் எடுக்க எடுக்கக் குறையாமல் வழங்குவது சோறு. அது தீர்க்கும் நோய் பசிப்பிணி. மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையிலிருந்து அக்கலத்தைப் பெற்ற மணிமேகலை எவருக்கும் சாவாமையை வழங்கவில்லை. சாவாமை பௌத்தக் காப்பியம் ஒன்றில் வழங்கத்தக்க பரிசும் அன்று. அமுதத்தின் எதிர்நிலையில் இப்போது நிற்பது பசி. வடமொழிச் சொல்லமைப்பிலிருந்து எவ்வகையாலும் வருவிக்க முடியாத இப்பொருள், தமிழில் மிக இயல்பாக அமர்ந்துவிட்டது.

பத்தி இலக்கியமும் கோயில் வழக்கும் இதை முழுமையாக்கின. ‘அமுது செய்தல்’ என்பது உண்ணுதலுக்குரிய மதிப்பு வினை ஆயிற்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் அடியார் உணவருந்தும் இடங்களில் இவ்வழக்கைப் பலகாலும் ஆள்கிறார். இளையான்குடிமாறர் நள்ளிரவில் வயலிலிருந்து வாரிக்கொணர்ந்த விதைநெல்லால் ஆன உணவும் அமுது. சிறுத்தொண்டர் வீட்டில் சமைக்கப்பட்ட, நினைக்கவும் நடுங்கும் உணவும் அமுது. சைவப் பாடல்களில் சிவன் நஞ்சை அமுதாக உண்டவன். நஞ்சுக்கும் அமுதுக்கும் உள்ள எதிர்மை அங்கு ஒரே தொடருக்குள் தீர்ந்துபோகிறது. அமுது என்பதற்கு உணவு என்ற பொருள் உறுதிப்பட்டிருப்பதால்தான் அது இயலுகிறது.

கல்வெட்டுகள் இன்னும் தெளிவானவை. தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுகளில் திருவமுதுக்கு அரிசியும், அதனோடு நெய்யமுது, கறியமுது, தயிரமுது, அடைக்காயமுது, இலையமுது என்று வகைகளும் அளவோடு குறிக்கப்படுகின்றன. பாக்கும் வெற்றிலையும் கூட அமுது! இங்கே அமுது என்பது இனிமையையும் கைவிட்டு, ‘இறைவனுக்குப் படைக்கப்படும் உண்பொருள்’ என்னும் வகைப்பெயராக, ஏறத்தாழ ஒரு பின்னொட்டாக ஆகிவிட்டது. வைணவ இல்லங்களில் இரசம் இன்றும் சாற்றமுது; பாயசம் திருக்கண்ணமுது. பின்னதைக் கன்னலமுது என்பதன் திரிபாகக் கொள்வாரும் உளர். புளிப்பும் காரமுமான சாற்றுக்கு இப்பெயர் அமைந்ததை வடமொழிப் பொருளால் விளக்கவே முடியாது. பேச்சில் அது ‘சாத்துமது’ என்று மேலும் உருமாறி, அமுது என்ற உறுப்பே செவிக்குப் புலப்படாத நிலையை எட்டியிருக்கிறது. மலையாளத்தில் அரசரும் உயர்ந்தோரும் உண்பதை ‘அம்ருதேத்து’ என்னும் வழக்கு இதற்கு நெருங்கிய உறவினது.

அடைமொழிகளும் இதே கதையைச் சொல்கின்றன. தமிழ் அமுது ‘இன்னமுது’, ‘தெள்ளமுது’, ‘தெவிட்டாத அமுது’. நம்மாழ்வார் குடந்தைப் பெருமானை விளித்த ‘ஆராவமுது’ அக்கோயிலின் இறைவன் பெயராகவே நிலைத்துவிட்டது. ஆராமை என்பது உண்டும் நிறைவுறாமை. முன்னர்க் குறித்த கீதை இடத்தில் அருச்சுனன் சொல்வதும் இதுவே. ஆனால் வடமொழியில் அது ஒரு தொடரின் கருத்து, தமிழில் அது சொல்லோடு ஒட்டிப்போன அடை. மராத்தி மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஆராவமுதனை வெறும் ‘அம்ருத்’ என்று எழுதினால் படிப்போர் மனத்தில் சாவற்ற இறைவன் தோன்றுவான். ஆழ்வாரின் பசி தோன்றாது.

ஞானேசுவரரும் பந்தயமும்

மராத்திப் பக்கம் திரும்பினால் முதலில் நிற்பவர் ஞானேசுவரர். நேவாசேயில் சகம் 1212இல் (கி.பி. 1290) அவர் நிறைவு செய்த கீதை விளக்கமாகிய ஞானேசுவரியின் ஆறாம் இயல் தொடக்கத்தில், தம் மராத்திச் சொற்கள் அம்ருதத்தையும் பந்தயம் வைத்து வெல்லும் என்று அவர் கூறியது மராத்தியரிடையே மிகப் புகழ்பெற்றது. வடமொழியை விட்டு மக்கள் மொழியில் கீதையைச் சொல்லத் துணிந்தவரின் சூளுரை அது. தொடர்ந்து, அச்சொற்களின் சாரத்தை விரும்பிச் செவிகளிலேயே நாக்குகள் தோன்றும் என்கிறார். செவிச்சுவை அறியாமல் வாய்ச்சுவை மட்டும் அறிந்தவரைப் பழிக்கும் 420ஆம் குறளைப் பயின்ற தமிழருக்கு இவ்விடம் வீட்டு முற்றம் போலத் தோன்றும்.

இங்கு ஓர் ஒற்றுமை உண்டு. குழந்தையின் கூழ் அமிழ்தை வெல்கிறது. விருந்தினரோடு உண்ணும் அறம் இந்திரர் அமிழ்தத்தை ஒதுக்குகிறது. கண்ணகி கடலமிழ்தை விஞ்சுகிறாள். மராத்தி அம்ருதத்தோடு பந்தயம் கட்டுகிறது. இலக்கியத்தில் இச்சொல் பலவிடங்களில் தோற்பதற்காகவே அழைக்கப்படுகிறது. விண்ணின் இனிமையைக் கொண்டுவந்து நிறுத்தி, மண்ணின் ஏதோ ஒன்றால் அதை வீழ்த்துவது இரு மொழிப் புலவர்க்கும் பொதுவான பழக்கம். இத்தகைய இடங்களில் மொழிபெயர்ப்பாளருக்குச் சிக்கல் இல்லை: அமுது அம்ருத் ஆகலாம், அம்ருத் அமுது ஆகலாம். (புணேத் தெருக்களின் தேநீர்க் கடைகள் இவ்வகையில் அடக்கமானவை. ‘அம்ருத்துல்ய’ என்று பெயர்ப்பலகை வைத்துக்கொள்கின்றன. அம்ருதத்துக்கு நிகர் என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன, வெல்வதாகச் சொல்வதில்லை.)

சிக்கல் அதே ஆசிரியரின் மற்றொரு நூலில் எழுகிறது. ‘அம்ருதானுபவ்’ என்று பெருவழக்காக அறியப்படும் ஞானேசுவரரின் மெய்யியல் நூல், தன்னை ‘அனுபவாம்ருத’ என்று குறிப்பிட்டுக்கொள்கிறது. அறிவும் அறியாமையும் கடந்த இருப்பைப் பேசும் நூல் அது. புணேக்கு அருகில் ஆளந்தியில் 1296இல் உயிரோடு சமாதியில் அமர்ந்ததாகப் போற்றப்படும் ஒருவரின் நூற்பெயரில் ‘சாவாதது’ என்ற பொருள் எத்துணை எடையுள்ளது என்று சொல்லத் தேவையில்லை. இதைத் தமிழில் ‘அமுத அனுபவம்’ என்றால் என்ன ஆகிறது? இனிமையான பட்டறிவு என்று ஆகிவிடுகிறது. விருந்துக்குச் சென்றுவந்தவர் சொல்லும் சொல்லாகக்கூடக் கேட்கிறது. ‘அனுபவ அமுது’ என்றால் அனுபவம் உணவாகிறது. ஆறாம் இயலின் பந்தயத்தில் வரும் அம்ருதத்துக்கு அமுது பொருந்தும். நூற்பெயரில் வரும் அம்ருதத்துக்குப் பொருந்தாது. ஓர் ஆசிரியர் ஒரு சொல்லால் இரண்டையும் ஆள முடிந்தது, அவர் மொழியில் சொல்லின் உட்கதவு திறந்திருந்ததால். தமிழில் இரண்டு சொற்கள் வேண்டும்.

யோக நூல்களை இதற்கு விலக்காகக் கொள்ள வேண்டும். தலையின் உச்சியில் மதிமண்டிலத்திலிருந்து ஒழுகுவதாகச் சொல்லப்படும் அமுதம் திருமந்திரத்திலும் உண்டு. ஞானேசுவரியின் ஆறாம் இயலில் குண்டலினி எழுவதை விரிக்கும் பகுதியிலும் உண்டு. அங்கு அது இரு மொழிகளிலும் ஒரே மரபின் கலைச்சொல். பரிபாஷை அறிந்தவர்க்கு எழுதப்பட்டது. எனவே பொருள் வழுவாது.

மொழிபெயர்ப்பாளர் முன் உள்ள சொற்கள்

தமிழில் மூன்று வடிவங்கள் மூன்று அடுக்குகளாக இருப்பது மொழிபெயர்ப்பாளருக்கு வாய்த்த வசதி. அமிழ்து தொன்மையையும் செய்யுள் மணத்தையும் கொண்டது. அமுது பத்தி, உணவு, தாய்ப்பால், குழந்தை ஆகியவற்றின் பக்கம் நிற்பது. பாரதிதாசன் தமிழுக்கே அதைப் பெயராக்கியபின் மொழிப்பற்றின் சொல்லாகவும் ஆயிற்று. அமிர்தம் வடமொழி ஓசையைத் தாங்கிச் சமயச் சடங்கு, மருத்துவம், சோதிடம் ஆகிய துறைகளில் நிற்பது. மராத்தியில் இத்தகைய அடுக்கு இல்லை. சுதா, பீயூஷ் போன்ற ஒருபொருட் சொற்கள் உண்டு, அவற்றுள் பீயூஷ் மகாராட்டிரத்தில் சிறீகண்டத்தால் ஆகும் ஒரு குளிர்பானத்தின் பெயராகவும் இறங்கி வந்துவிட்டது. திருக்குறளை மராத்திக்குக் கொண்டுசென்ற சானே குருஜி (1899–1950) முதலானோர்க்குச் சாவாமருந்தையும் அமிழ்தத்தையும் வேறுபடுத்திக் காட்டத் தனித்தனிச் சொல் கைக்கெட்டும் தொலைவில் இல்லை. தமிழுக்குள் மொழிபெயர்ப்பவருக்கு அக்குறை இல்லை. சாவாமை பேசப்படும் இடங்களில் சாவாமை என்றே எழுதலாம். உபநிடதத்து அம்ருதத்துவத்துக்கு அதுவே தகும். வள்ளலார் தாம் வேண்டிய அந்நிலையை மரணமிலாப் பெருவாழ்வு என்று விரித்துச் சொன்னார் என்பதையும் நினைக்கலாம். நூற்பெயர்களை ‘அனுபவாமிர்தம்’ என்பதுபோல வடமொழித் தொகையாகவே நிறுத்திக்கொள்வது அமுதாக்குவதைவிட நன்று.

உணவுப் பெயர்களில் தடுமாற்றம் எளிதில் நேரும். பழனிப் பஞ்சாமிர்தம் வாழைப்பழமும் வெல்லமும் தேனும் நெய்யும் பேரீச்சையும் சேர்ந்த இனிப்பு. 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. புணேயில் பஞ்சாம்ருத் என்பது வழிபாட்டில் பால், தயிர், நெய், தேன், சருக்கரை சேர்ந்த நீர்மம். அதே பெயரில் விருந்து இலையின் ஓரத்தில் வைக்கப்படும் மற்றொன்றும் உண்டு: புளி, வெல்லம், எள், நிலக்கடலை, பச்சைமிளகாய் சேர்ந்த தொடுகறி. மராத்திக் கதையொன்றில் பாத்திரம் பஞ்சாம்ருதத்தைத் தொட்டுக்கொண்டு உண்டு காரத்தில் கண்கலங்கினால், தமிழ் வாசகர் பழனியை நினைத்து மயங்குவார். அங்கே புளிப்புத் தொடுகறி என்று எழுதுவதே வழி.

ஆட்சிமொழியில் நேர்ந்தது இதைவிடப் பெரிது. மராத்தியிலும் இந்தியிலும் ‘அம்ருத் மகோத்சவ்’ என்பது எழுபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்கு நிலைத்துவிட்ட பெயர். வெள்ளி, பொன், வைரம் ஆகியவற்றுக்குப் பின் நூற்றாண்டுக்கு முன் அம்ருதம் வருகிறது. மராத்தி நாளேடுகளில் ஒரு பள்ளிக்கோ ஓர் எழுத்தாளருக்கோ அம்ருத் மகோத்சவ் என்று கண்டால் ஆண்டெண்ணைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. தமிழில் அந்த இடம் பவளவிழாவுக்கு உரியது. இந்திய விடுதலையின் எழுபத்தைந்தாம் ஆண்டையொட்டி 2021 மார்ச் 12 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய விழாவின் பெயர் தமிழ் அறிவிப்புகளில் ‘அமுதப் பெருவிழா’ என்றும் ‘அமிர்தப் பெருவிழா’ என்றும் வந்தது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் பிழையில்லை. ஆனால் எழுபத்தைந்து என்ற எண் முழுதும் மறைந்துபோயிற்று. எஞ்சியது, அன்னதானம் நடக்கவிருக்கிறதோ என்று எண்ண வைக்கும் ஒரு தொடர். பவளவிழா என்ற ஒரு சொல் கையருகே இருந்தும் இது நேர்ந்தது, அம்ருத் எங்கு வந்தாலும் அமுதம் என்ற பழக்கத்தால்தான்.

அமுது, அமிர்தம் ஆகிய இரண்டுள் எதை எடுப்பது என்பதும் விருப்பத்தைப் பொறுத்ததன்று. சமைத்தது நன்றாக இருந்தால் ‘அமிர்தமாக இருக்கிறது’ என்கிறோம். ஆகவே பேச்சில் அமிர்தமும் சுவையின் பக்கம் சாய்ந்துவிட்டது உண்மை. ஆயினும் ஒரு மூலையில் அது தன் பழைய எதிர்ச்சொல்லை இழக்காமல் வைத்திருக்கிறது. தமிழ்ப் பஞ்சாங்கத்திலும் வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியின் கிழிக்கும் தாளிலும் நாள்தோறும் குறிக்கப்படும் யோகங்கள் அமிர்தம், சித்தம், மரணம் என்பன. அம்ருதமும் மிருத்யுவும் கீதையில் நின்றதுபோல அமிர்தமும் மரணமும் அங்கு நிற்கின்றன. அதை அமுதயோகம் என்று சொல்லும் வழக்கு இல்லை.